வேங்கடமலைச் சைகஸுக்கு வேலி மட்டும் போதாது

மரக்கன்றுகளை இணையவழி விற்கும் கடைகளில் இப்போது கிங்கோவும் கிடைக்கிறது. விசிறி விரித்தாற்போன்ற இலை, இலையுதிர் காலத்தில் மரம் முழுவதும் பொன்னாக மாறும் அழகு, டைனோசர்கள் உலவிய ஜுராசிக் காலத்திலிருந்து அறுபடாமல் வரும் வம்சம், 1945-இல் ஹிரோஷிமாவில் அணுகுண்டு வெடித்த இடத்துக்கு இரண்டு கிலோமீட்டருக்குள் கருகி நின்றும் மறுபடி துளிர்த்த உயிர்ப்பு. இத்தனை பெருமையுள்ள மரத்தை வாசலில் வளர்க்க யாருக்கும் ஆசை வரும். சித்தூர், திருப்பதி வட்டாரத்துத் தோட்டப் பிரியர்களுக்கு வருவதிலும் வியப்பில்லை. ஆனால் இந்த மண்ணில் கிங்கோவை நடுவது வீண் முயற்சி. அந்த மரம் அழியாமல் பிழைத்த கதையில்தான் இந்த வட்டாரத்துக்கு உரிய பாடம் இருக்கிறது. அதே தொன்மையும், அதற்கு நெருங்கிய உறவும் கொண்ட ஒரு செடி வேங்கடமலைத் தொடரில் இருக்கிறது. இந்தப் பூமியில் வேறெங்கும் அது இயற்கையாக வளர்வதில்லை. அதைச் சட்டத்தால் வேலிகட்டிக் காக்கிறோம். வளர்ப்பதற்கு வழி செய்யவில்லை. கிங்கோவைக் காப்பாற்றியது வேலி அன்று, வளர்ப்புதான் என்பதை ஆந்திர வனத்துறையும் திருமலை திருப்பதி தேவஸ்தானமும் கவனத்தில் கொள்ள வேண்டும்.

முதலில் கிங்கோ ஏன் இங்கே ஒத்துவராது என்பதைச் சொல்லிவிடலாம். அது குளிர்நாட்டு மரம். பனிக்காலத்தில் இலை முழுவதையும் உதிர்த்துச் சில மாதங்கள் உறங்கி எழுவது அதன் இயல்பு. விதையை ஈர மணலில் பொதிந்து ஓரிரு மாதம் குளிரில் வைத்த பிறகே வளர்ப்பவர்கள் விதைக்கிறார்கள். நல்ல வெயில், நீர் தேங்காத ஆழமான மண், முதல் சில ஆண்டுகள் சீரான தண்ணீர் என்ற மூன்றும் கிடைத்தால் பூச்சிக்கும் நகரப் புகைக்கும் அது அசையாது. அதனால்தான் நியூயார்க், டோக்கியோ, சியோல் நகரத் தெருக்களில் வரிசையாக நிற்கிறது. ஆண் மரமும் பெண் மரமும் தனித்தனி. பெண் மரத்து விதையின் மேலுறை அழுகினால் கெட்டுப்போன வெண்ணெய் நாற்றம் அடிக்கும் என்பதால் ஆண் மரத்தின் ஒட்டுக்கன்றுகளையே நகராட்சிகள் கேட்டு வாங்குகின்றன. நம் நாட்டில் நைனிடால் போன்ற இமயமலை ஊர்களில் இது வளர்கிறது. திருப்பதியிலோ மே மாத வெயில் 40 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். தை மாத இரவுகூட இந்த மரத்தை உறங்கவைக்கும் அளவுக்குக் குளிராது. மதனப்பள்ளிப் பக்கத்து ஹார்ஸ்லி மலை 1,200 மீட்டருக்கு மேல் உயரம் என்றாலும் அங்கும் உறைபனிக் காலம் கிடையாது. தொட்டியில் வைத்து, நிழல்வலை கட்டி, சில ஆண்டுகள் உயிரோடு வைத்திருக்கலாம். அதற்குப் பெயர் மரம் வளர்ப்பது ஆகாது. ஞாபகசக்திக்காக வளர்க்க நினைப்பவர்களுக்கும் ஒரு தகவல் உண்டு: அமெரிக்காவில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட முதியவர்களிடம் பல ஆண்டுகள் நடத்தி 2008-இல் முடிவு வெளியிட்ட ஆய்வில், கிங்கோ இலைச்சாறு மறதிநோயைத் தடுக்கவில்லை.

இந்த மரம் எப்படித் தப்பியது என்பதே நமக்கு வேண்டிய கேள்வி. ஒரு காலத்தில் இதன் இனத்தார் உலகெங்கும் இருந்தார்கள். சென்னைக் கடலோரக் கோண்ட்வானாப் பாறைகளிலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் ஒட்டோகர் பைஸ்ட்மன்டல் விவரித்த புதைபடிவங்களிலும் கிங்கோ வகை இலை உண்டு. பின்னர் ஒவ்வொரு கண்டமாக மறைந்து, சீன மலைகளின் சில மூலைகளில் மட்டும் எஞ்சியது. அங்கிருந்து அதை எடுத்து வளர்த்தவர்கள் மனிதர்கள். கொட்டைக்காகவும் நிழலுக்காகவும் புனிதம் கருதியும் சீனர்கள் ஊரிலும் கோயில் வளாகத்திலும் நட்டார்கள். கொரியாவுக்கும் ஜப்பானுக்கும் கொண்டுபோனார்கள். 1690-இல் ஜப்பான் சென்ற ஜெர்மன் மருத்துவர் எங்கல்பெர்ட் கெம்ப்ஃபர் அதைப் பார்த்து 1712-இல் எழுதிய நூல்வழியாகத்தான் ஐரோப்பா இந்த மரத்தை அறிந்தது. 1762-இல் லண்டன் கியூ தோட்டத்தில் நட்ட மரம் இன்றும் நிற்கிறது. இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியல் கிங்கோவை இன்னமும் அழியும் ஆபத்திலுள்ள இனம் என்றே வகைப்படுத்துகிறது. காட்டில் அவ்வளவு அரிது. ஆனாலும் அது இனி எளிதில் அழியாது. ஒரு மலையில் தீப்பிடித்தாலும், ஒரு நாட்டில் நோய் வந்தாலும், இன்னொரு கண்டத்தில் அதன் விதை இருக்கும். இந்தக் காப்பீட்டைத் தேடிக்கொடுத்தது எந்தச் சட்டமும் அல்ல. தலைமுறை தலைமுறையாக நட்டு வந்த கோயில்களும் வீடுகளும்தான்.

இப்போது வேங்கடத்துக்கு வருவோம். தொல்காப்பியப் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்தின் வட எல்லையாகச் சொல்லும் இந்த மலைத்தொடரில், பாறையும் முள்ளும் நிறைந்த வறண்ட சரிவுகளில் வளர்வது சைகஸ் பெடோமி என்ற செடி. பார்வைக்குச் சிறு பனை அல்லது ஈச்சங்கன்று போல இருக்கும். பனைக்கும் அதற்கும் உறவே இல்லை. பூக்காமலே விதை தரும் சைகஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. 1860 முதல் 1882 வரை மதராஸ் மாகாண வனத்துறைக்குத் தலைமை தாங்கிய கர்னல் ரிச்சர்ட் ஹென்றி பெடோமின் நினைவாக 1883-இல் இதற்குப் பெயரிட்டார்கள். திருப்பதி, கடப்பா மலைகளைத் தவிர வேறெங்கும் காட்டில் இல்லை. கிங்கோவுக்கும் சைகஸுக்கும் உள்ள உறவு வெறும் வயதுப் பொருத்தம் அன்று. விதைத் தாவரங்களில் நீந்திச் செல்லும் ஆண் உயிரணு இந்த இரண்டு குலங்களில்தான் இன்றும் இருக்கிறது. 1896-இல் டோக்கியோவில் ஹிராசே சகுகோரோ கிங்கோவிலும், அதே ஆண்டில் இகேனோ செய்இச்சிரோ ஜப்பானியச் சைகஸிலும் இதைக் கண்டுபிடித்தார்கள். இரண்டிலும் ஆணும் பெண்ணும் தனித்தனி. இரண்டின் விதையிலும் கரு முதிர்வது பெரும்பாலும் விதை உதிர்ந்த பிறகுதான். ஆக, கிங்கோவின் பழமையைக் கண்டு மயங்குகிறவருக்கு அந்தப் பழமை திருமலை அடிவாரத்து அலிப்பிரிக்கு மேலேயே இருக்கிறது. அதுவும் இந்த வெயிலுக்கும் இந்தக் கல்மண்ணுக்கும் பழகிய உருவத்தில்.

அந்தச் செடி ஆபத்தில் இருக்கிறது. சிவப்புப் பட்டியலில் கிங்கோ இருக்கும் அதே அழியும் ஆபத்து வகையில்தான் இதுவும் இருக்கிறது. முதல் பகை காட்டுத்தீ. 2014 மார்ச்சில் திருமலையை ஒட்டிய சேஷாசலக் காட்டில் பரவிய தீயை அணைக்க விமானப்படை ஹெலிகாப்டர்களை வரவழைக்க வேண்டியதாயிற்று. முதிர்ந்த சைகஸ் கரிந்த தண்டிலிருந்து மீண்டும் இலைவிடும் வல்லமை உள்ளது. தரையில் கிடக்கும் விதைக்கும் நாற்றுக்கும் அந்த வல்லமை இல்லை. தீ அடிக்கடி வந்தால் பெரியவை நிற்கும், வாரிசு இராது. இரண்டாவது பகை கூம்பு பறிப்பு. சைகஸ் இனங்களின் ஆண் கூம்பைத்தான் நாட்டு மருந்துக் கடைகளில் மதனகாமப்பூ என்று விற்கிறார்கள். மகரந்தம் சிந்துமுன் ஆண் கூம்பைப் பறித்துவிட்டால் பக்கத்துச் சரிவில் நிற்கும் பெண் செடி அந்த ஆண்டு மலடாகிறது. தண்டுச் சோற்றுக்காக வெட்டுவதும் உண்டு. செடி வளர்வதோ மிக மெதுவாக. இழந்த ஒரு முதிர்ந்த செடிக்கு ஈடுசெய்யப் பல ஆண்டுகள் பிடிக்கும். ஒரே மலைத்தொடரில் மட்டும் வாழும் உயிருக்கு இத்தனை ஆபத்தும் ஒரே இடத்தில் வந்து சேர்வது பெரிய பலவீனம். விதைநெல் முழுவதையும் ஒரே குதிரில் கொட்டி வைக்கும் விவசாயி கிடையாது.

இதற்கு அரசு செய்தது என்ன? நிறையவே செய்திருக்கிறது. 1989-இல் ஸ்ரீவெங்கடேஸ்வரா தேசியப் பூங்கா அமைந்தது. 2010-இல் சுமார் 4,750 சதுர கிலோமீட்டர் பரப்பு சேஷாசலம் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கையான சைட்டீஸ், சைகஸ் பேரினத்திலேயே இந்த ஒன்றை மட்டும் மிகக் கடுமையான முதல் இணைப்பில் வைத்திருக்கிறது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 1991-இல் சேர்க்கப்பட்ட அத்தியாயம், குறிப்பிட்ட சில செடிகளைக் காட்டிலிருந்து பறிப்பதையும் பிடுங்குவதையும் தடுக்கிறது. அந்தச் சிறு பட்டியலில் பெடோம் சைகஸும் உண்டு. அதே சட்டத்தின் 17சி பிரிவு, உரிமம் இல்லாமல் இவற்றை வளர்ப்பதும் குற்றம் என்கிறது. இங்கேதான் நாம் நின்று யோசிக்க வேண்டும். வளர்ப்பதைச் சட்டம் முற்றிலும் மறுக்கவில்லை. தலைமை வனஉயிரினக் காப்பாளர் உரிமம் தரலாம். ஆராய்ச்சிக்கும் நாற்றுப் பெருக்கத்துக்கும் காட்டிலிருந்து எடுக்க 17பி பிரிவு தனியே வழி வைத்திருக்கிறது. கதவு இருக்கிறது; அதைத் தாராளமாகத் திறப்பது நடைமுறையாகவில்லை. விளைவு, திருப்பதி, சித்தூர் ஓட்டல் வாசல்களில் அலங்காரத்துக்கு நிற்பது கடியம் நர்சரிகளிலிருந்து லாரியில் வரும் ஜப்பானியச் சைகஸ். சொந்த மலையின் சைகஸை அந்த ஊர்க்காரர் பார்க்க வேண்டுமென்றால் காட்டுக்குள் போக வேண்டும். பெரும்பாலோருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

வளர்ப்பு காப்பாற்றும் என்பதற்குக் கிங்கோ மட்டும் சாட்சி அல்ல. 1994-இல் ஆஸ்திரேலியாவில் சிட்னிக்கு அருகே ஒரு பள்ளத்தாக்கில் டேவிட் நோபிள் என்ற வனக் காவலர் கண்டெடுத்த வோலமி பைன் மரத்தில், காட்டில் முதிர்ந்தவை நூறுகூட இல்லை. அரசு அந்த இடத்தை ரகசியமாக வைத்ததோடு நிற்கவில்லை. நாற்றுகளைப் பெருக்கி, 2005-க்குப் பிறகு பொதுமக்களுக்கே விற்றது. கடையில் முறையாகக் கிடைக்கும் செடிக்காக யாரும் பள்ளத்தாக்கில் திருட்டுத்தனமாக இறங்க வேண்டியதில்லை என்பது கணக்கு. 2019-20 கோடையில் பெருந்தீ அந்தப் பள்ளத்தாக்கை நெருங்கியபோது தீயணைப்புப் படை போராடி மரங்களைக் காத்தது; தோற்றிருந்தாலும் இனம் அழிந்திருக்காது. எதிர்ச் சாட்சியும் உண்டு. 1895-இல் தென்னாப்பிரிக்காவின் ஓங்கோயே காட்டில் ஜான் மெட்லி வுட் ஒரு சைகஸ் குலச் செடியைக் கண்டார். என்செஃபலார்ட்டஸ் வுடி என்று அவர் பெயரையே பெற்ற அந்த இனத்தில் அங்கே இருந்தது ஒரே ஓர் ஆண் செடி. பெண் செடி இன்றுவரை கிடைக்கவில்லை. உலகத் தோட்டங்களில் இருப்பவை எல்லாம் அந்த ஒற்றை ஆணின் பக்கக் கன்றுகள். இனம் உயிரோடிருக்கிறது, விதை இல்லை. வளர்ப்பைத் தொடங்கக் காலம் தாழ்த்தினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேவையில்லை. நம்மிடம் இன்னும் ஆணும் பெண்ணும் இருக்கின்றன, விதையும் இருக்கிறது.

இதற்கு எழும் வலுவான எதிர்ப்பு செம்மரத்தைச் சுட்டிக்காட்டும். பட்டா நிலத்தில் செம்மரம் வளர்க்க அனுமதி உண்டு. அதனால் சேஷாசலத்தில் கடத்தல் நின்றுவிட்டதா? நிற்கவில்லை. அதன் விலை எவ்வளவு என்பது தமிழ் வாசகர்களுக்குத் தெரியும்: 2015 ஏப்ரல் 7 அன்று அந்தக் காட்டில் தமிழகத் தொழிலாளர்கள் இருபது பேர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மாண்டார்கள். எனவே உரிமம் என்ற பெயரில் காட்டுச் செடிக்குச் சந்தை திறந்துவிடக் கூடாது என்ற அச்சம் நியாயமானது. ஆனால் இரண்டு பண்டமும் ஒன்றல்ல. செம்மரத்தின் மதிப்பு அதன் வைரத்தில் இருக்கிறது. வெட்டிச் செதுக்கிய கட்டை காட்டினுடையதா, தோட்டத்தினுடையதா என்று கண்ணால் சொல்வது கடினம்; தோட்டத்து மரம் வைரம் பாயும்வரை பல பத்தாண்டுகள் காட்டு மரத்துக்குத்தான் கிராக்கி. சைகஸுக்குச் சந்தையில் மதிப்பு முழுச் செடியாக, உயிரோடு. விதையிலிருந்து வந்த நாற்று சின்னஞ்சிறியது. காட்டுச் செடியின் தண்டிலோ உதிர்ந்த இலையடித் தழும்பும் பழைய தீயின் கரியும் ஏறியிருக்கும். குறிப்பிட்ட பருமனுக்கு மேல் தண்டுள்ள செடியை விற்கவே கூடாது, ஒவ்வொரு நாற்றுக்கும் எண்ணிட்ட வில்லை வேண்டும், கூம்பு வணிகத்துக்கு எந்த நிலையிலும் உரிமம் கிடையாது என்ற மூன்று விதிகள் போதும். சோதனைச் சாவடிக் காவலரே வேறுபாட்டைக் கண்டுகொள்ள முடியும். சைட்டீஸ் உடன்படிக்கையும் முதல் இணைப்புச் செடியை வணிகத்துக்காக நாற்றங்காலில் பெருக்கினால் அதை இரண்டாம் இணைப்புக்கு உரியதாகக் கருதி வழிவிடுகிறது. வளர்த்த செடிக்கும் பிடுங்கிய செடிக்கும் உள்ள வேறுபாடு உலகம் ஒப்புக்கொண்ட ஒன்று.

இன்னோர் எதிர்ப்பு அறிவியல் பக்கமிருந்து வரும். தோட்டத்துச் செடி காட்டுக்கு மாற்றாகாது. அங்கே மகரந்தம் கடத்தும் பூச்சி இல்லை, மரபுவளம் குறுகிப்போகும் என்பார்கள். இது உண்மை, கிங்கோவே அதற்கும் சான்று. 545 கிங்கோ மரங்களின் மரபணுத் தொகுதியைப் படித்து 2019-இல் வெளிவந்த ஆய்வு, உலகெங்கும் பரவியுள்ள கிங்கோக்கள் கிழக்குச் சீன மரங்களின் வழிவந்தவை என்று காட்டியது; மற்ற மலைகளில் எஞ்சிய வளம் தோட்டங்களுக்குப் பெரிதும் வந்து சேரவில்லை. இதிலிருந்து நாம் எடுக்க வேண்டிய முடிவு வளர்க்காதே என்பதல்ல, ஒரே சரிவிலிருந்து விதை எடுக்காதே என்பது. திருமலைப் பக்கம், தலகோனாப் பக்கம், கடப்பா எல்லை என்று பல இடங்களில், ஒவ்வொரு தாய்ச் செடியிலும் ஒரு பங்கு விதையை மட்டும் எடுத்து, எந்தத் தாயின் பிள்ளை எந்தத் தோட்டத்தில் நிற்கிறது என்று பதிவேடு வைக்க வேண்டும். பூச்சி இல்லாத இடத்தில் ஆண் கூம்பின் மகரந்தத்தை எடுத்துக் கையால் தூவுவது சைகஸ் வளர்ப்பவர்கள் உலகெங்கும் செய்கிற வேலைதான். தோட்டம் காட்டுக்கு மாற்று என்று யாரும் சொல்லவில்லை. தீத்தடுப்பும் கூம்பு பறிப்பைத் தடுக்கும் காவலும் இன்னும் இறுக வேண்டும். காட்டில் அவை தவறும் ஆண்டில் திரும்ப நடுவதற்கு நாற்று எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு விடைதான் தோட்டம்.

வளர்ப்பது கடினமா என்றால், பொறுமை வேண்டும், வித்தை வேண்டாம். விதையின் சதையுறையைக் கையுறை போட்டுக் கழற்றி, மணலும் சரளையும் மிகுந்த கலவையில் பாதி புதைத்து, லேசான நிழலில் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். தண்ணீர் தேங்கினால் அழுகும், வறட்சியைத் தாங்கும். வேரில் பவளம்போலக் கிளைக்கும் முடிச்சுகளில் வாழும் நீலப்பச்சைப் பாசி காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துத் தருவதால் ஏழை மண்ணிலும் தேறும். உரத்தைக் கொட்டத் தேவையில்லை. புது இலை விரியும் நாட்களில் சைகஸ் தளிரைத் தின்னும் சிறு நீல வண்ணத்துப்பூச்சியின் புழுவைக் கவனிக்க வேண்டும். இதைவிடப் பெரிய பகை ஆசியச் சைகஸ் செதிள்பூச்சி. குவாம் தீவின் சைகஸ் காடுகளை 2003-க்குப் பிறகு சில ஆண்டுகளிலேயே பெருமளவு அழித்தது அது. அலங்காரச் சைகஸ் வணிகத்தின் வழியே பரவும் அந்தப் பூச்சி காட்டுக்கு ஏறாமல் இருக்க, பெடோம் சைகஸ் நாற்றங்கால் ஜப்பானியச் சைகஸ் விற்கும் நர்சரியிலிருந்து விலகியே இருக்க வேண்டும். விதையும் இலையும் நச்சு. ஆடு மாடு மேயும் இடத்திலும் குழந்தைகள் விளையாடும் இடத்திலும் நடக் கூடாது. கூம்பு விடும்வரை ஆணா பெண்ணா என்று தெரியாது என்பதால் ஒரே ஒரு செடியை நடுவதில் பயனில்லை. எட்டுப் பத்தாகக் கூட்டமாக நடுவதே முறை. ஆகவே தனி வீட்டுத் தோட்டத்தைவிடப் பொது வளாகங்களே தொடக்கத்துக்கு ஏற்றவை.

அந்த வளாகங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. ஸ்ரீவெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் 1954 முதல் மலையடிவாரத்தில் இருக்கிறது. ஸ்ரீவெங்கடேஸ்வரா உயிரியல் பூங்காவுக்குப் பரந்த நிலம் உண்டு. சித்தூரில் அரசுக் கல்லூரிகளும் ஆட்சியர் அலுவலக வளாகமும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, தனி வனப் பிரிவும் தோட்டப் பிரிவும் வைத்து, ஆண்டுதோறும் கோடிக்கணக்கான பக்தர்களை வரவேற்கிற தேவஸ்தானம் இருக்கிறது. சீனத்துக் கோயில்கள் கிங்கோவுக்குச் செய்ததைச் செய்ய இந்தியாவில் அதைவிடப் பொருத்தமான நிறுவனம் இல்லை; தலமரத்தைக் காக்கும் மரபு நமக்குப் புதியதும் அல்ல. வனத்துறை விதை சேகரித்து நாற்று எழுப்பட்டும். முதல் சில ஆண்டு நாற்றுகள் இந்தப் பொது வளாகங்களுக்கும் எரிந்த சரிவுகளுக்கும் போகட்டும். அதன் பின் உரிமம் பெற்ற சில நர்சரிகள் வீடுகளுக்கு விற்கட்டும். விதை பொறுக்கும் வேலையும் நாற்றங்கால் கூலியும் மலையடிவாரத்து யானாதிப் பழங்குடிக் குடும்பங்களுக்குப் போனால், கூம்பு பறிப்பதைவிடக் கூம்பைக் காப்பது அவர்களுக்கு நிலையான வருமானமாகும். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. இருக்கும் 17பி, 17சி பிரிவுகளின்கீழ் ஓர் அரசாணை போதும். இன்று விதைத்த சைகஸ் தானே விதை தர ஒரு பத்தாண்டுக்கு மேலும் ஆகலாம். அந்த இடைவெளியில் சேஷாசலம் எத்தனை கோடைகளைக் கடக்க வேண்டும் என்று எண்ணிப் பார்த்தால், அந்த அரசாணையை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்க எந்த அதிகாரிக்கும் காரணம் இராது.